ஏழு கிலோமீட்டரைத் தாண்டாத சோலைக்கிளி

செங்கோட்டையில் ரயிலேறிப் புனலூருக்குப் போகிறவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையையே குறுக்கே கடந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் மலை நன்றாகத் தணிந்து கிடப்பதால்தான் 1904-லேயே அங்கே ரயில் ஓட முடிந்தது. செங்கோட்டைக் கணவாயின் அகலம் ஏழு கிலோமீட்டர் போலத்தான். ஆனால் கணவாய்க்குத் தெற்கே வாழும் அசம்பு சோலைக்கிளிக்கு அது கடல் மாதிரி.

பெயரில் கிளி இருக்கிறதே தவிர இது கிளியில்லை. சிட்டுக்குருவி அளவில், கருநீல உடம்பும் வெள்ளை வயிறுமாக இருக்கும் பாடும் பறவை. மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிப் பக்கம் விடிகாலையில் நின்றால் முதலில் மெல்லிய விசில்தான் கேட்கும். அசையாமல் இருந்தால் புதருக்கடியிலிருந்து தத்தி வரும். ஈரச் சருகுக்குள் பூச்சி தேடும். அப்புறம் இருட்டுக்குள் போய்விடும்.

இந்தக் குளிரும் ஈரச் சருகும் மலையுச்சிச் சோலைக் காடுகளில்தான் உண்டு. கணவாயோ தாழ்ந்த, வெக்கையான நிலம். தரையொட்டி வாழும் பறவை அதில் இறங்குவதில்லை. இரு பக்கத்துப் பறவைகளும் கூடாமல் போனால், மரபணுவில் தற்செயலாக நேரும் சிறு மாற்றங்கள் அந்தந்தப் பக்கத்திலேயே சேர்ந்துகொண்டு வரும். பல லட்சம் ஆண்டுகள் இப்படிப் போனால் இரண்டும் வேறுவேறு இனமாகிவிடும். பறவை ஆய்வாளர் வி. வி. ராபினும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் மரபணு, இறகு நிறம், பாட்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டு 2017-ல் இதைத் தனி இனமாக அறிவித்தார்கள். நம் பொதிகையைச் சுற்றிய மலைகளை விட்டால் இதற்கு உலகத்தில் வேறு வீடில்லை.

பாட்டு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பாடும் பறவைகளின் குஞ்சுகள் பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. அதனால் காடு துண்டானால் மரபணுவுக்கு முன்பே பாட்டு மாறிவிடலாம். பழனி, ஆனைமலைப் பக்கம் உள்ள இதன் சொந்தக்காரப் பறவையிடம், சமீபத்தில் காடழிந்து பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுபடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பொதிகைப் பக்கம் இருக்கும் களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். அது பெரிய பாதுகாப்பு. ஆனாலும் வெயில் கூடினால் மலைப் பறவை மேலே ஏறத்தான் பார்க்கும், உச்சிக்கு மேல் இடமில்லை. ஆகவே இருக்கிற சோலைத் துண்டுகளை ஓடைக்கரை வழியாக இணைக்க வேண்டும். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஓடும் ஓடைகளின் இரு கரையிலும் சோலை மரங்களை வளர விட்டாலே நிழல் சேரும், சருகு விழும், பூச்சி வரும். ஒன்று மட்டும் கவனம்: சுத்தம் பண்ணுவதாக நினைத்து அடிச்செடிகளை வெட்டிவிட்டால், மேலே மரம் நின்றும் சோலைக்கிளி அங்கே வராது.