பிடரி முடி ஏன் கொட்டுவதில்லை?

வழுக்கை விழுந்த ஒருவரைப் பின்னால் நின்று பாருங்கள். உச்சி வெறும் தோலாக இருக்கும். ஆனால் காதுகளுக்கு மேலேயும் பிடரியிலும் குதிரை லாடம் போல ஒரு வளையத்தில் முடி அடர்ந்து நிற்கும். எண்பது வயதிலும் பலருக்கு அது அப்படியே இருக்கும். ஒரே தலை, ஒரே ரத்தம், குளிப்பதும் ஒரே தண்ணீரில். அப்புறம் ஏன் உச்சியில் மட்டும் கொட்டுகிறது? முடி நடும் சிகிச்சை என்ற முழுத் துறையும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. உப்புத் தண்ணீரால் வழுக்கை, ஷாம்பூவால் வழுக்கை, ஹெல்மெட்டால் வழுக்கை என்று நம்புகிறவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தண்ணீர்தான் காரணம் என்றால் பிடரியும் சேர்ந்தே காலியாகியிருக்க வேண்டும்.

நாம் சீவுகிற முடி உயிரற்ற நார். உயிர் இருப்பது தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்காலில். ஒரு தலையில் ஏறத்தாழ 1 லட்சம் மயிர்க்கால்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். 2 முதல் 6 ஆண்டுகள் வரை முடி வளரும், மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் மயிர்க்கால் சுருங்கி, ஏறக்குறைய 3 மாதம் ஓய்வெடுக்கும். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழும், அதே குழியில் புதியது முளைக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இந்தக் கணக்கில் வருவதுதான்.

சீப்பில் சிக்கிய முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளையாகச் சின்ன முடிச்சு தெரியும். "ஐயோ, வேரோடு வந்துவிட்டதே" என்று பயந்து போகிறவர்கள் நிறையப் பேர். அது வேர் அல்ல. ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி காய்ந்து கெட்டியாகி அப்படி ஆகிறது. முடியை வளர்க்கும் மயிர்க்கால் இன்னும் தோலுக்குள்தான் இருக்கிறது.

சரி, பரம்பரை வழுக்கையில் என்ன நடக்கிறது? முடி கொட்டுவதைவிட முடி மெலிவதுதான் அங்கே முக்கியமான சங்கதி. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் கொஞ்சம் குறைகிறது, மயிர்க்காலும் கொஞ்சம் சிறுத்துப் போகிறது. கருகருவென்று தடித்து வளர்ந்த இடத்தில் அடுத்த முறை சற்று மெல்லியது வரும். அதற்கடுத்து இன்னும் மெல்லியது. கடைசியில் வெளிறிய பூனைமுடி மட்டும் மிஞ்சும். ஓர் இடத்தில் பாதி அடர்த்தி போகும்வரை கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அதனால் கண்ணாடியில் கவனிக்கும்போது கதை பல ஆண்டு ஓடியிருக்கும்.

இதை நடத்துவது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், சுருக்கமாக டி.எச்.டி. ஆண்களிடம் மிகுதியாக உள்ள டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை ஒரு நொதி இப்படி மாற்றுகிறது. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர், பருவம் அடையும் முன் விரைகளை இழந்த ஆண்களை ஆராய்ந்தார். அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழத் தொடங்கியது. ஆக, ஹார்மோன் மட்டும் போதாது, அதற்கு மயங்குகிற மரபணுவும் வேண்டும். உச்சியிலும் முன்நெற்றியிலும் உள்ள மயிர்க்கால்கள் மயங்குகின்றன. பிடரியில் உள்ளவை அசைவதில்லை.

அடுத்த துப்பு கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக வளர்வதை 1974இல் ஜூலியான் இம்பராட்டோ மெக்கின்லியும் சக ஆய்வாளர்களும் விவரித்தார்கள். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் அந்த நொதி இவர்களிடம் பிறவியிலேயே குறைவு. வளர்ந்த பிறகு இவர்களுக்குப் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சிறியதாகவே இருந்தது, முன்நெற்றி ஏறவும் இல்லை. அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. அமெரிக்காவில் 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அனுமதி கிடைத்தது.

இனி பிடரிக்கு வருவோம். 1950களில் நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் ஒரு சோதனை செய்தார். பிடரித் தோலிலிருந்து முடியோடு சிறு வட்டங்களை வெட்டி வழுக்கையில் பதித்தார், வழுக்கைத் தோலை எடுத்துப் பிடரியில் பதித்தார். பிடரி முடி புது இடத்திலும் தழைத்தது. வழுக்கைத் தோல் பிடரிக்குப் போன பிறகும் வழுக்கையாகவே இருந்தது. புகுந்த வீட்டுக்குப் போனாலும் பிறந்த வீட்டுக் குணத்தை அது விடவில்லை! 1959இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புதான் இன்றுவரை அடித்தளம். அவருக்கும் முன்னால், 1939இலேயே, ஜப்பானில் ஷோஜி ஒகுடா தீக்காயத் தழும்புகளில் இப்படி முடி பதித்து எழுதியிருந்தார். இடையில் போர் வந்துவிட்டது. ஜப்பானிய மொழியில் இருந்த அந்தக் கட்டுரைகளை வெளியுலகம் வெகுகாலம் கவனிக்கவே இல்லை.

ஆரம்பத்தில் வெட்டிய வட்டங்கள் 4 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொன்றிலும் கொத்தாக முடி இருந்ததால் தலை பொம்மைத் தலை போலத் தெரிந்தது. பிறகுதான் முடி இயற்கையில் எப்படி முளைக்கிறது என்று உன்னிப்பாகப் பார்த்தார்கள். மொட்டையடித்து ஒரு வாரம் ஆன தலையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். சில துளைகளில் ஒரே முடி, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று, அபூர்வமாக நான்கு. இந்தச் சிறு கொத்துதான் இன்றைய நடவின் அலகு, மருத்துவர்கள் கிராஃப்ட் என்கிறார்கள். எடுக்கும் வழி இரண்டு. பிடரியில் ஒரு பட்டையாகத் தோலை வெட்டி எடுத்து, தைத்துவிட்டு, அந்தப் பட்டையை நுண்ணோக்கியில் கொத்து கொத்தாகப் பிரிப்பது எஃப்.யு.டி. அதில் கோடாக ஒரு தழும்பு நிற்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழல் கத்தியால் ஒவ்வொரு கொத்தையும் சுற்றி வெட்டி, இடுக்கியால் மெதுவாக இழுப்பது எஃப்.யு.இ. இதில் கோடு இல்லை, நூற்றுக்கணக்கில் புள்ளித் தழும்புகள் உண்டு. "தழும்பே வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எடுத்த கொத்து இடுக்கி முனையில் வெங்காய நாற்று மாதிரி இருக்கும். கீழே வெளிறிய குமிழ், மேலே கறுப்புத் தாள். காற்றில் காயக்கூடாது, குமிழை நசுக்கக்கூடாது, வெளியே அதிக நேரம் கிடக்கக்கூடாது. மரத்துப்போகும் ஊசி போட்ட தலையில் மிக நுண்ணிய கீறல்களைப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். 2,000 கொத்துகளுக்கு ஒரு முழு நாள் போய்விடும். முன்நெற்றி ஓரத்தில் ஒற்றை முடிக் கொத்துகள் மட்டும், கொஞ்சம் ஒழுங்கில்லாமல். பின்னால் போகப்போக இரண்டும் மூன்றும். ஒவ்வொரு கீறலின் சாய்வும் அந்த இடத்து முடியின் இயல்பான சாய்வோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு நடவு இயல்பாகத் தெரிவதும் செயற்கையாகத் தெரிவதும் இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. அதனால் முதலில் கேட்க வேண்டியது இயந்திரத்தின் பெயரை அல்ல. கீறல் போடப்போவது யார் கை, மருத்துவர் அறையில் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைக் கேளுங்கள்.

அப்புறம் நடப்பதை முன்கூட்டியே சொல்லாததால் கலங்கிப் போகிறவர்கள் பலர். ஒரு வாரம் பத்து நாளில் பொருக்கு உதிரும். இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி விழுந்துவிடும்! பக்கத்தில் இருந்த சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று தூக்கம் கெடுவது அப்போதுதான். உண்மையில் மேலே இருந்த தாள் மட்டும்தான் போயிருக்கிறது, மயிர்க்கால் உள்ளே ஓய்வெடுக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முளை தெரியும். முழுப் பலனைப் பார்க்க ஒரு வருடம் ஆகும், உச்சியில் இன்னும் கூடுதலாக.

இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இதில் ஒரு முடிகூடப் புதிதாக உருவாவதில்லை. பின்னால் இருப்பது முன்னால் வருகிறது, அவ்வளவே. எடுத்த இடத்தில் அந்தக் கொத்து மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுவதும் பிடரியிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்குச் சுமார் 6,000 கொத்துதான், சிலருக்கு அதைவிடக் குறைவு. இயற்கையான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70, 80 கொத்து இருக்கும். நடும்போது அதில் பாதியளவுதான் வைப்பார்கள். பாதி இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் என்று மேலே சொன்னேனே, அந்தச் சலுகையை வைத்துத்தான் மொத்த வித்தையும். பேராசையோடு அள்ளி எடுத்தால் பிடரி பூச்சி அரித்த துணி போல ஆகிவிடும். அதை மூடிச் சரிசெய்யக் கையில் வேறு இருப்பு இருக்காது.

இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் நெற்றி ஏறுகிறது என்று வந்து, பள்ளிக்கூடப் படத்தில் இருந்த நெற்றிக்கோடு வேண்டும் என்கிறான். இருப்பில் பாதியைச் செலவழித்து அதை வரைந்துவிடலாம். ஆனால் அவனுடைய வழுக்கை அங்கே நிற்கப் போவதில்லை. முப்பத்தைந்தில் நட்ட முடி முன்னால் தீவு போல நிற்க, பின்னால் உச்சி காலியாகும். அவனுக்குக் கோட்டைக் கொஞ்சம் மேலே வைக்கச் சொல்லி, அதற்கு முன் ஒரு வருடமாவது மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் மருத்துவர் நல்லவர். வந்த அன்றே தேதி குறிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மருந்து என்றால் உறுதியான சான்று உள்ளவை இரண்டு. ஃபினாஸ்டிரைடு டி.எச்.டி.யைக் குறைத்து, இருக்கும் முடியைக் காப்பாற்றுகிறது, பலருக்கு மெலிந்த முடி திரும்பத் தடிக்கிறது. நூற்றில் சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், விறைப்புத் தளரலாம். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. அப்படி எது தெரிந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்குச் செய்யும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவை இது ஏறக்குறைய பாதியாக்கிவிடும் என்பதால், பரிசோதனைக்குப் போகும்போதும் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றில் வளரும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம்.

மினாக்சிடில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் பூசும் மருந்தாக்கினார்கள், 1988இல் அமெரிக்காவில் அனுமதி. ஆண், பெண் இருவரும் பயன்படுத்தலாம், கர்ப்பமோ பாலூட்டலோ என்றால் கூடாது. முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். ஓய்வில் இருந்த முடியை அது தள்ளிவிடுவதுதான் காரணம், அந்த நேரத்தில் பயந்து நிறுத்தாதீர்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதம். விட்டால் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் ஜாக்கிரதை: பூசிய தலையையோ தலையணையையோ அது நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஊசி போடும் பி.ஆர்.பி., தலையில் சிவப்பு ஒளி பாய்ச்சும் தொப்பி இரண்டிலும் சிலருக்கு ஓரளவு பலன் உண்டு, நான் அவற்றைத் துணையாகத்தான் வைப்பேன். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் மாத்திரை முடி வளர்ப்பதற்குச் சான்று இல்லை. மேலும் அது தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: உங்களுக்குக் கொட்டுவது பரம்பரை வழுக்கைதானா? கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் எடை குறைத்தல் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைகையாக முடி வரும். உடம்புக்கு நெருக்கடி வந்த நாளில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனதன் கணக்கு அது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். பெண்களுக்கு வகிடு அகன்றால் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. மாதவிடாய் தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால் ஆண் ஹார்மோன்களையும் பார்க்க வேண்டும். நாணயம் போல வட்டமாகக் கொட்டினால், உடலின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. அதில் நட்டால் நட்டதையும் தாக்கும். அந்த நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு 2022இல் பாரிசிட்டினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எரிச்சல், சிவப்பு, வலியோடு முடி போய், துளையே தெரியாமல் தோல் வழவழப்பானால் தழும்பு வழுக்கை. அதற்கு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள், போன மயிர்க்கால் திரும்பாது.

மருத்துவரிடம் போனதும் லென்ஸ் கருவியை உச்சியில் வைத்துத் திரையில் காட்டுவார். தடித்த முடிகளுக்கு நடுவே மெல்லிய முடிகள் கலந்து தெரியும். அங்கேயே நிறுத்த விடாதீர்கள். பிடரியிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிடரி கொட்டாது என்ற விதிக்குச் சிலர் விலக்கு, பெண்களில் அப்படிப்பட்டவர்கள் கூடுதல். அங்கேயும் தடித்ததும் மெல்லியதும் கலந்து கிடந்தால், எடுத்து நடும் முடி போன இடத்திலும் மெலியும். அவர்கள் மருந்தோடு நிற்கலாம், விக் வைக்கலாம், ஒட்ட வெட்டிக்கொள்ளலாம். நடவு அவர்களுக்கு இல்லை.