வருவாய்ச் செலவு என்னும் பிழை

ஒன்றிய வரவுசெலவுத் திட்டம் வெளியாகும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் "இராணுவத்தின் வருவாய்ச் செலவு உயர்வு" என்று செய்தி வாசிக்கிறார்கள். இம்முறை அதைக் கேட்ட என் மாமா, "பட்டாளத்துக்கு ஏதுப்பா வருமானம்?" என்றார்.

'ரெவின்யூ' என்பது 'திரும்பி வருவது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அதற்கு வருவாய் என்பது நல்ல தமிழே. சிக்கல், சம்பளம் போன்ற அன்றாட நடப்புச் செலவைக் குறிக்கும் 'ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர்' என்பதை 'வருவாய்ச் செலவு' என்று ஒட்டும்போதுதான் தொடங்குகிறது. கல்விச் செலவு என்றால் கல்விக்கான செலவு, கல்யாணச் செலவு என்றால் கல்யாணத்துக்கான செலவு. ஆகவே வருவாய்ச் செலவு என்பதை வருவாய் ஈட்டுவதற்கான செலவு என்றுதான் தமிழ்க்காது கொள்ளும். கைச்செலவு என்பது கையிலிருந்து செய்வதுதானே என்று சிலர் மடக்கலாம். அது வழக்கில் ஊறிய சொல், இது அப்படியன்று. போதாக்குறைக்கு, இதன் இணையான மூலதனச் செலவு (நீடித்து நிற்கும் சொத்துகளுக்கான செலவு) மூலதனத்துக்கான செலவாகவே அமைந்துவிட்டதால், கேட்பவர் இதையும் அவ்வாறே விரித்துக்கொள்கிறார். 'செலவினம்' என்று வால் சேர்ப்பதால் மயக்கம் தீர்வதில்லை, சொல்தான் நீள்கிறது.

அரசமைப்பின் 112ஆம் உறுப்பு, வருவாய்க் கணக்கில் செய்யும் செலவைப் பிற செலவுகளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் விழுங்கிவிட்ட சொல் அந்தக் 'கணக்கு'தான். வருவாய்க் கணக்குச் செலவு என்று முழுமையாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பெரும்படையைப் பேணும் செலவு எங்கே விழுகிறது என்பது இந்தச் சொல் தெளிந்தால்தான் விளங்கும். போர் விமானமும் கப்பலும் மூலதனக் கணக்கு. சம்பளம், ரேஷன், சீருடை, எரிபொருள் எல்லாம் வருவாய்க் கணக்கு. 2025-26இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கிய சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாயில் மூலதனத்துக்கு 1.80 லட்சம் கோடி; படைகளின் வருவாய்க் கணக்குக்கு ஏறத்தாழ 3.12 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்குத் தனியே ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி. ஓய்வூதியமும் வருவாய்க் கணக்கில் சேர்வதே. ஆள் ஒருவரைச் சேர்த்தால் அவர் பணியில் இருக்கும் வரை சம்பளமும், அதன்பின் அவர் காலம் முழுதும், அவருக்குப் பின் குடும்பத்துக்கும் ஓய்வூதியமும் போய்க்கொண்டே இருக்கும். படைவீரர்களை நான்காண்டுக்குச் சேர்க்கும், 2022இல் வந்த அக்னிபத் திட்டம் நான்காண்டு முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு மற்றவர்களை ஓய்வூதியமின்றி அனுப்புவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வருவாயையும் செலவையும் 'ஆகாறு', 'போகாறு' என்று குறள் பிரித்துச் சொன்ன மொழியில், போகாற்றின் பெயருக்குள் ஆகாற்றைப் புகுத்தி என் மாமாவைக் குழப்பியிருக்கிறார்கள்.