களியோடு என்ன சாப்பிடுகிறீர்கள்?

"ராகிக்கு மாறிட்டேன் மேடம், அப்பவும் சுகர் குறையல." தர்மபுரியில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் புகார் இது. ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் விஷயம் புரிந்துவிடும். காலையில் பெரிய டம்ளர் நிறைய ராகிக் கஞ்சி, நாட்டுச்சர்க்கரை போட்டு. இடையில் ராகி பிஸ்கட். ராத்திரி ராகி சேமியா. தொட்டுக்கொள்ள? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

100 கிராம் ராகியில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்துதான். அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. நார்ச்சத்து அரிசியைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் மாவை நைசாக அரைத்து, தண்ணியாகக் காய்ச்சி, இனிப்பும் சேர்த்து மடக்கென்று குடித்தால் அது சீக்கிரம் செரித்து சர்க்கரையைத் தூக்கிவிடும். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் இந்த ராகியை எப்படிச் சாப்பிட்டார்கள்? ஒரு உருண்டை களி, கூடவே கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு ரசம், என்றைக்காவது கருவாடு. ராகியில் கால்சியம் ஏராளம், 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 10 மில்லிகிராம் வந்தாலே பெரிது. ஆனால் ராகியில் புரதம் 7 கிராம் அளவுதான், அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அவரையிலும் கொள்ளிலும் அது நிறைய இருக்கிறது. களிக்குக் குழம்பு ருசிக்காக மட்டும் வந்த துணை இல்லை. நாம் இன்று தானியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு துணையை விட்டுவிட்டோம்.

ராகி ஆதியில் கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிப் பயிர். உகாண்டாவில் இன்றும் அதைக் களியாகக் கிண்டிச் சாப்பிடுகிறார்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் மக்காச்சோள மாவில் கிண்டினால் அது உகாலி. ஜிம்பாப்வேயில் சாட்சா. கையால் பிய்த்து, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கறியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். கென்யாவில் உகாலிக்குத் தினசரி ஜோடி சுகுமா விகி என்ற கீரைப் பொரியல். அப்புறம் அவரை வகை, விக்டோரியா ஏரியில் பிடித்துக் காயவைத்த சிறு மீன். நம்ம ஊர்த் தட்டேதான், பெயர்தான் வேறு.

இந்தச் சேர்மானமும் செய்முறையும் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளத்தின் கதையே போதும். மெக்சிகோவில் காலங்காலமாகச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துத்தான் டார்ட்டில்லா சுடுகிறார்கள். சோளம் தன்னிடம் இருக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டிப்போட்டிருக்கிறது, சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பாவுக்குப் போனபோது விதை மட்டும் கப்பல் ஏறியது, செய்முறை ஏறவில்லை. தோல் வெடித்து, பேதியாகி, கடைசியில் புத்தி தடுமாறும் ஒரு நோயை 1735இல் ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் விவரித்தார். பெல்லாக்ரா என்ற பெயர் பிற்பாடு இத்தாலியில் வந்தது. அங்கே போலென்டா என்ற சோளக்களியை மட்டுமே தின்று பிழைத்த வடபகுதி ஏழைகளை அது வாட்டியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அதே நோய். தொற்று என்று எல்லோரும் பயந்தபோது, இது சாப்பாட்டில் உள்ள குறை என்று காட்டியவர் ஜோசப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவர்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் விளைகிற குச்சிக்கிழங்குக்கும், அதாவது மரவள்ளிக்கும், இப்படி ஒரு பாடம் உண்டு. அதில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, கசப்பு ரகத்தில் அதிகம். ஆப்பிரிக்காவில் கசப்புக் கிழங்கை நாள்கணக்கில் ஊறவைத்து, காயவைத்துத்தான் மாவாக்குவார்கள். 1981இல் வட மொசாம்பிக்கில் வறட்சி வந்தபோது பசியில் அந்த நாள்களைச் சுருக்கினார்கள். கூடச் சாப்பிடப் பருப்போ மீனோ இல்லை. கால்கள் நிரந்தரமாக முடங்கும் கொன்சோ என்ற நோய் பரவியது. நாம் தோலை உரித்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தைச் சோம்பலில் விட்டுவிட வேண்டாம்.

ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடமாநிலத் தம்பிகளிடம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கிறது. பீகார்க்காரருக்கு ஊரில் 'சத்து' என்று ஒரு மாவு: வறுத்த கொண்டைக்கடலையை அரைத்து வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை, உப்பு சேர்த்துக் கரைத்துக் குடிப்பார். ஒடிசாக்காரருக்குப் பகாளா, அதாவது நம்ம பழைய சோறு, கூடவே கீரை வதக்கல். இங்கே வந்ததும் இரண்டும் போய் மூன்று வேளையும் பரோட்டாவும் வெள்ளைச்சோறும்தான். பொட்டுக்கடலையைப் பொடித்து வைத்துக்கொள், பாதிப் பிரச்சினை தீரும் என்று சொல்லி அனுப்புவேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் கால்சியம் விஷயத்தில் கூடுதல் அவசரம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தவர்களை ஃப்ளோரைடு இன்னும் மோசமாகத் தாக்கும். 2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தது எனக்குப் பிடித்த முடிவு. வாங்கியதை மாட்டுக்கு வைக்காமல் இருந்தால் சரி.

சர்க்கரை உள்ளவர்கள் கைப்பிடி அளவு ஒரு உருண்டை களி, அதற்கு மேல் பருப்பும் கீரையுமாக வயிற்றை நிரப்புங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு. ரத்தசோகை உள்ள பெண்கள் ராகியை முளைகட்டி அரைப்பது நல்லது. அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்புச்சத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும், முளைவிட்டால் அது குறையும். இரும்பு உடம்பில் சேர, சாப்பாட்டோடு தக்காளியோ எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். களி தின்று கை கழுவிய ஈரம் காய்வதற்குள் டீ குடிக்கிற வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. டீயும் இரும்பைச் சேரவிடாது, அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.