ஈயக் குடுவை எடைக்கு வந்தால்

கதிரியக்கப் பொருள் கடத்தல் என்றாலே துறைமுகமும் விமான நிலையமும்தான் நினைவுக்கு வரும். வேலூர் வட்டாரத்தில் அது முதலில் பழைய இரும்புக் கடைத் தராசில்தான் ஏறும். 2010-இல் டெல்லி மாயாபுரியில் அப்படித்தான் ஆனது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் 1985 முதல் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் போய், கடையில் உடைக்கப்பட்டு, ஒருவர் இறந்தார்.

பாய்லர் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் இரிடியம்-192 கேமராவை ஒருவரே தூக்கிவிடலாம். உள்ளே இருக்கும் கதிரியக்கக் குப்பி (இதைத்தான் ‘மூலம்’ என்கிறார்கள்) சில மில்லிமீட்டர்தான். சுற்றியுள்ள கவசம் ஈயத்தைவிட அடர்த்தியான யுரேனியம். அளவுக்குப் பொருந்தாத கனம்தான் முதல் அடையாளம். மஞ்சள் முக்கோணச் சின்னம் துருவில் மறைந்திருக்கும். மூலம் தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைத்தளத்தில் தினமும் எண்ணிப் பார்க்காவிட்டால், தொலைந்ததே ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்திலேயே இருப்பது நம் பாக்கியம். ஆனாலும் அவர்கள் வந்துசேரும்வரை பொறுப்பு உள்ளூர் போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும்தான். கவசம் இல்லாத அல்லது சேதமான மூலம் என்றால் சுற்றிலும் 30 மீட்டர், சிதறியிருந்தால் 100, வெடிகுண்டோடு சேர்ந்த சந்தேகம் என்றால் குறைந்தது 400 மீட்டர் காலி செய்யுங்கள். கதிர்வீச்சு அளவுகருவி வந்தபின், மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சின் அலகு) காட்டும் இடத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

கருவியைத் தூரத்திலேயே இயக்கி இயல்பு அளவைக் குறித்துக்கொண்டுதான் நெருங்க வேண்டும். பக்கத்தில் போய் இயக்கினால், கடும் கதிர்வீச்சில் சில கைகர் கருவிகள் திணறிப்போய்ப் பூஜ்யம் காட்டும். அதை நம்பி உள்ளே போகிறவர் கதி அதோகதிதான். பேட்டரி தீர்ந்து அலமாரியில் தூங்கும் கருவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. காட்பாடி ரயில் நிலையத்தில் கருவி கத்தினால், பெரும்பாலும் அது சி.எம்.சி. மருத்துவமனையில் ஐசோடோப் (கதிரியக்கப் பொருள்) ஸ்கேன் முடித்துத் திரும்பும் நோயாளியாக இருக்கும். ஸ்கேனுக்குக் கொடுக்கும் டெக்னீசியம்-99m-இன் அரையாயுள் (கதிரியக்கம் பாதியாகும் காலம்) 6 மணி நேரம், தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131-க்கு 8 நாள். இயல்பாகவே சிறிது கதிரியக்கம் உள்ள பொட்டாஷ் உர லாரிக்கும் கத்தும். ஆகவே எந்த ஐசோடோப் என்று சொல்லும் கருவி ஒன்றாவது மாவட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பொய் அபாயத்துக்குப் பிறகு காவலரே சத்தத்தை அணைத்துவிடுவார்.

காயம்பட்டவரை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன் என்று ஆம்புலன்ஸ் நிற்கக் கூடாது, உயிர் முதலில். மேல்துணியைக் கழற்றிப் பாலித்தீன் பையில் கட்டினாலே ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும். போர்வை சுற்றி அனுப்பலாம். மருத்துவர் முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் போட்டால் போதும், சிகிச்சையை மறுக்கக் காரணமில்லை.

பயந்து வரும் கூட்டத்துக்குத் தனி இடம் வேண்டும். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் நடந்த கதிரியக்க விபத்துக்குப் பின் சுமார் 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேரிடம்தான் மாசு இருந்தது. அங்கே விளையாட்டரங்கில் சோதித்தார்கள். இங்கே நேதாஜி விளையாட்டரங்கத்தை இப்போதே குறித்து வைத்து, தண்ணீர் இணைப்பையும் பாலித்தீன் பைகளையும் மாற்றுத் துணியையும் பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் மருத்துவமனை வாசலை அடைத்துவிட்டால் உண்மையில் காயம்பட்டவர் உள்ளேயே போக முடியாது.