வெள்ளை உடுத்தி ஓட்டுக் கேட்டவர்

"தேர்தலில் நிற்பவரைக் 'கேண்டிடேட்' என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நம் 'வேட்பாளர்' தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் சொல். வேட்பு என்றால் விருப்பம். பதவியை விரும்புகிறவர் வேட்பாளர். 'கேண்டிடேட்' வந்ததோ லத்தீனின் 'கண்டிடாதுஸ்' என்ற சொல்லிலிருந்து. அதற்கு வெள்ளை உடுத்தியவர் என்று பொருள். 'கண்டிடுஸ்' என்பது பளிச்சிடும் வெள்ளை.

பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் தோகா என்ற கம்பளி அங்கியில் சுண்ணத்தூளைத் தேய்த்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனார்கள். சாயம் ஏற்றாத கம்பளி நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கும், அதனால் லேசாக மஞ்சளடிக்கும். சரி, தூள் எப்படி அதைப் பளீரென்று ஆக்குகிறது?

எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். சுண்ணத்தூள் என்பது கால்சியம் கார்பனேட். அதன் தூய படிகம் கண்ணாடிபோல நிறமற்றது! கல்லுப்பை நசுக்கிப் பாருங்கள். ஒளி ஊடுருவும் கல், பொடியானதும் வெள்ளையாகிவிடும். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, சுண்ணத்துக்குச் சுமார் 1.6. இந்த வித்தியாசத்தால், துகளும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி திரும்பும், வளையும். ஆயிரக்கணக்கான விளிம்புகளில் மோதி, எந்த நிறமும் குறையாமல் எல்லாப் பக்கமும் சிதறி வெளியே வரும். அதுதான் நம் கண்ணுக்கு வெள்ளை. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது கவனித்திருப்பீர்கள்: ஈரத்தில் மங்கலாக இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். தண்ணீரின் எண் 1.33, இடைவெளியில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றால் வித்தியாசம் குறைந்து சிதறலும் குறைகிறது.

'கண்டிடுஸ்' என்பதன் வேர் 'ஒளிர்தல்'. ஒளிச்செறிவை அளக்கும் 'கேண்டெலா'வும் அதில் பிறந்ததே. சமஸ்கிருதத்தின் 'சந்திர'வும் இதற்கு உறவு. காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாடுவதை நான் ஏற்கமாட்டேன், அது ஜோசியம். இங்கே ஒழுங்கான ஒலிமாற்றம் இருக்கிறது. லத்தீனின் ககர ஒலிக்குப் பல சொற்களில் சமஸ்கிருதத்தில் சகரம் வரும்: அங்கே நான்கு 'குவாட்டுவோர்', இங்கே 'சதுர்'.

அப்புறம், ஓட்டுக்காக அங்கியை வெளுக்கக் கூடாதென்று கி.மு. 432-லேயே ரோமில் தடை வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கி.மு. 64-இல் ரோமின் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ தன் போட்டியாளர்களைச் சாடிப் பேசிய உரைக்கு அமைந்த பெயர், 'வெள்ளைத் தோகாவில்'.