ஒரே இன்ஜின், நாலு காலம்: மாடல் ரயிலுக்கு வயது பார்ப்பது எப்படி

என் மேசை மேல் இரண்டு மாடல் இன்ஜின்கள் நிற்கின்றன. இரண்டும் 1:87 அளவு. இரண்டுமே ஜெர்மனியின் பி 8 ரக நீராவி இன்ஜின். கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம். ஒன்றில் 38 1772 என்று எழுதியிருக்கிறது, மற்றதில் 038 772-0. வேறு வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த இரண்டையும் ஒரே ஸ்டேஷனில் நிறுத்தக் கூடாது, ஏனென்றால் நிஜத்தில் இவை இரண்டும் ஒரே இன்ஜின். மேற்கு ஜெர்மனியின் ரயில்வே 1968 ஜனவரி 1 முதல் எல்லா இன்ஜின்களுக்கும் புது எண் கொடுத்தது, அதில் 38 1772 என்பது 038 772-0 ஆனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவர் தன் கல்யாணத்துக்குத் தானே விருந்தாளியாக வந்து பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

மாடல் ரயில் சேகரிப்பவர்கள் ‘காலம் பார்ப்பது’ என்று சொல்வது இதைத்தான். எந்த இன்ஜின், எந்தப் பெட்டி, எந்த ஸ்டேஷன், வெளியே நிற்கும் எந்தக் கார் ஒன்றோடொன்று சேரும் என்று கண்டுபிடிப்பது. இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஆகப் பிடித்த பகுதியே இதுதான், ஏனென்றால் ஒரு சின்னப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அரை மில்லிமீட்டர் எழுத்துக்குள் ஒரு நாட்டின் வரலாறு உட்கார்ந்திருக்கிறது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. 1954இல் தொடங்கிய மோரோப் என்ற மாடல் ரயில் சங்கங்களின் கூட்டமைப்பு, என்.இ.எம். 800 என்ற விதியில் ரயில் வரலாற்றை ஆறு காலகட்டங்களாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி அட்டவணையும் உண்டு. மாடல் விற்கும் அட்டைப்பெட்டியின் மேல் ரோமன் எண்ணில் சின்னதாகப் போட்டிருப்பது இந்தக் காலகட்டம்தான். ஜெர்மனியைப் பொறுத்தவரை முதலாவது, 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பெர்க்குக்கும் ஃபியூர்த்துக்கும் இடையே முதல் ரயில் ஓடியதில் ஆரம்பித்து 1920 வரை வருகிறது. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி என்று ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்த ரயில்வேயை நடத்திய காலம் அது. 1920 ஏப்ரலில் அவற்றையெல்லாம் ஒன்றாக்கி ரைக்ஸ்பான் உருவானது. அங்கிருந்து போர் முடியும் வரைக்கும் இரண்டாவது. போருக்குப் பிறகு சுமார் 1970 வரை மூன்றாவது, 1990 வரை நான்காவது, 2006 வரை ஐந்தாவது, 2007 முதல் ஆறாவது.

இந்த எல்லைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீராவி போய் டீசல் வந்தது, மின்சாரம் வந்தது என்று எந்தக் கோடும் அங்கே இல்லை. 1920இல் மாறியது முதலாளி. 1970ஐ ஒட்டி மாறியது எண் (மேற்கில் 1968). 2007இல் மாறியதும் எண்தான், இன்ஜின்களுக்கு 12 இலக்க எண் வந்தது அப்போது. ரயில்வேயில் இரும்பு நாற்பது ஐம்பது வருடம் தாங்கும். அதன் மேல் எழுதும் எழுத்துதான் அடிக்கடி மாறும். அதனால் காலம் பார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தை.

பி 8ஐயே எடுத்துக்கொள்வோம், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1906இல் பிரஷ்யாவுக்காகக் கட்ட ஆரம்பித்தார்கள், மூவாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள், மேற்கு ஜெர்மனியில் கடைசி சில 1974 வரை வேலை செய்தன. அதாவது ஒரே ரகம் நான்கு காலகட்டங்களைப் பார்த்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் வேறு உடுப்பு. பிரஷ்யக் காலத்தில் பச்சை உடம்பு, செம்பழுப்புச் சட்டம், எண்ணோடு கூட எந்தக் கோட்டத்தைச் சேர்ந்தது என்று ஊர்ப் பெயர். ரைக்ஸ்பான் 1925இல் புது எண் முறை கொண்டுவந்தபோது இவை 38 என்ற வரிசைக்குள் போயின, நிறமும் கறுப்பு சிவப்பு ஆகியிருந்தது.

அப்புறம் புகைத் தகடுகள். நீராவி இன்ஜினின் முன்பக்கம் இரண்டு காது மாதிரி நிற்குமே, அதைச் சொல்கிறேன். இன்ஜின் முழு வேகத்தில் இழுக்கும்போது புகை புகைபோக்கியிலிருந்து பலமாக மேலே அடிக்கும், பிரச்சினை இல்லை. ஆனால் நீராவியைக் குறைத்து ஓட்டும்போது புகைக்கு வேகம் போதாது. பாய்லரைச் சுற்றி ஓடும் காற்று அதைக் கீழே இழுத்து நேராக டிரைவரின் ஜன்னல் முன்னால் கொண்டுவந்து போடும், சிக்னல் தெரியாது. பக்கத்தில் தகடு வைத்தால் எதிரே வரும் காற்று அதில் மோதி மேல்நோக்கித் திரும்பி, புகையையும் தூக்கிக்கொண்டு போகிறது. பிரஷ்யக் காலத்து பி 8க்குத் தகடு கிடையாது. ரைக்ஸ்பான் காலத்தில் வாக்னர் வகை என்று ஆளுயரத்துக்குப் பெரிய தகடுகள் வந்தன. போருக்குப் பிறகு மேற்கில் அவற்றைக் கழற்றிவிட்டு வித்தே வகைச் சின்னத் தகடுகளைப் போட்டார்கள், பாய்லரின் மேல்பாதியில் மட்டும் நிற்பவை. அதே வேலையைச் செய்யும், கண்ணையும் குறைவாக மறைக்கும். ஆக, எண்ணைத் துணியால் மூடிவிட்டுக் காட்டினால்கூட, தகட்டைப் பார்த்தே காலத்தை ஏறக்குறைய சொல்லிவிடலாம். விளக்கும் இப்படித்தான். முதலில் முன்னால் கீழே இரண்டு விளக்கு மட்டும். புகைபோக்கிக்கு அருகே மூன்றாவது விளக்கு மேற்கு ஜெர்மனியில் வழக்கத்துக்கு வந்தது 1950களின் பிற்பகுதியில்.

சரி, 1968 எண்ணுக்கு வருவோம். கடைசியில் கோடு போட்டு ஒற்றை இலக்கம் இருக்கிறதே, 038 772-0 என்பதில் அந்தப் பூஜ்யம், அது சோதனை இலக்கம். கணினியில் எண்ணை ஏற்றும்போது யாராவது தப்பாக அடித்தால் பிடிக்க வைத்தது. கணக்கு எளிது: ஆறு இலக்கத்தையும் இடமிருந்து 1, 2, 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்குங்கள். 0, 3, 8, 7, 7, 2 என்பது 0, 6, 8, 14, 7, 4 ஆகும். இரட்டை இலக்கம் வந்தால் பிரித்துக் கூட்ட வேண்டும், 14 என்பது 1+4. எல்லாவற்றையும் கூட்டினால் 30. அடுத்த முழுப் பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். 30 ஏற்கெனவே முழுப் பத்து, ஆகவே 0. யாரோ 772ஐ 727 என்று மாற்றி அடித்துவிட்டார் என்றால் கூட்டுத்தொகை 26 வரும், கடைசி இலக்கம் 4 ஆக வேண்டும், 0 என்று இருந்தால் தப்பு உடனே தெரிந்துவிடும். பழைய மாடலுக்குக் கையால் புது எண் ஒட்டி விற்பவர்கள் இந்த இலக்கத்தில்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். நான் ஒருமுறை செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்ஜினை வீட்டுக்கு வந்து காகிதத்தில் கூட்டிப் பார்த்து, அப்படி ஒரு எண் இருக்கவே முடியாது என்று கண்டுபிடித்தேன். அன்று முதல் கடையிலேயே மனக்கணக்குப் போட்டுவிடுகிறேன்.

கிழக்கு ஜெர்மனியின் கதை தனி. அங்கே ரைக்ஸ்பான் என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள், கணினி எண் 1970இல்தான் வந்தது. அவர்களும் ஆறு இலக்கம் பிளஸ் சோதனை இலக்கம்தான், ஆனால் நீராவி இன்ஜின்களில் பிரித்த விதம் வேறு: மேற்கில் மூன்றும் மூன்றும், கிழக்கில் இரண்டும் நாலும். 38 1182-5 என்று ஒரு பி 8 இருந்தால் அது கிழக்கு. எண்ணுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்தே எல்லைக்கு எந்தப் பக்கத்து நீராவி இன்ஜின் என்று சொல்லலாம் என்பதை முதல்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

பயணிகள் பெட்டிக்கு ஒரு பொன்னான தேதி இருக்கிறது: 1956 ஜூன் 3. ஜெர்மனி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளில் மூன்றாம் வகுப்பை எடுத்தது அப்போதுதான். ஜெர்மன் பெட்டிகளின் குறியீட்டில் ஏ முதல் வகுப்பு, பி இரண்டாவது, சி மூன்றாவது. அன்றோடு சி என்ற எழுத்தே போய், அந்தப் பெட்டிகள் பி ஆயின. கதவு அருகே இருந்த 3 என்ற எண் 2 ஆனது. மரப் பலகை இருக்கை அப்படியேதான் இருந்தது, எண் மட்டும் உயர்ந்தது. ஆகவே 3 போட்ட பெட்டியை 038 எண் இன்ஜினுக்குப் பின்னால் கோத்தால், நடுவில் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் காணாமல் போகிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான், நானும் செய்திருக்கிறேன், பெட்டி அவ்வளவு அழகாக இருந்தது.

சரக்கு வண்டியில் பாருங்கள், பழைய வேகன்களின் ஒரு ஓரத்தில் கூரைக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கூண்டு இருக்கும். பிரேக் ஆள் உட்காரும் இடம். சரக்கு ரயில் முழுக்கக் காற்றுக் குழாய் போட்டு ஒரே இடத்திலிருந்து பிரேக் பிடிக்கும் வசதி வருவதற்கு முன்னால், இன்ஜின் விசில் அடித்ததும் ஒவ்வொரு கூண்டிலும் இருப்பவர் கையால் சக்கரத்தைத் திருகி நிறுத்த வேண்டும், குளிரிலும் பனியிலும். முதல் உலகப்போரை ஒட்டி வந்த குன்சே-க்நோர் காற்று பிரேக் 1920களில் சரக்கு வேகன்களுக்குப் பரவியதும் அந்த ஆட்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கூண்டுகள் மட்டும் உடனே போகவில்லை, வெறுமனே நின்றன, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். எனவே கூண்டு இருப்பதால் மட்டும் அது பழைய காலம் என்று முடிவு கட்டக் கூடாது.

இங்கேதான் இந்தக் கலையின் மையம் இருக்கிறது. பழையது பிந்தைய காலக் காட்சியில் நிற்கலாம். புதியது முந்தைய காலக் காட்சியில் நிற்க முடியாது. தொல்லியலில் ஒரு குழியில் பத்துக் காசு கிடைத்தால், அதில் ஆகப் புதிய காசு எந்த ஆண்டுடையதோ அதற்கு முன்னால் அந்தக் குழி மூடியிருக்க வாய்ப்பில்லை என்பார்கள். மாடலுக்கும் இதே நியாயம்தான். காட்சியில் இருப்பவற்றில் கடைசியாகப் பிறந்தது எது என்று பாருங்கள், அது கீழ் எல்லை. முதலில் மறைந்தது எது என்று பாருங்கள், அது மேல் எல்லை. கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டினால் எங்கோ பிழை. 038 எண் போட்ட பி 8 என்றால் 1968க்கு முன்னால் போக முடியாது, 1974க்குப் பின்னாலும் போக முடியாது. ஆறு ஏழு வருட ஜன்னல். அதற்குப் பின்னால் 1950களின் கடைசியில் வர ஆரம்பித்த சில்பர்லிங் பெட்டிகளை, துருப்பிடிக்காத எஃகில் மயில்கண் மாதிரி வட்டம் வட்டமாகப் பளபளக்குமே அவற்றை, தாராளமாகக் கோக்கலாம். 1920களின் பெட்டியையும் சேர்க்கலாம், ஆனால் அதுவும் 1968க்கு உரிய உடுப்பில் இருக்க வேண்டும். பழையது இருக்கலாம் என்பதற்குப் பழைய எழுத்தோடு இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

ஜன்னலை இன்னும் குறுக்க வேண்டும் என்றால் பூதக்கண்ணாடி எடுங்கள். இன்ஜினின் முன் பஃபர் பலகையிலும் வேகனின் அடிச்சட்டத்திலும் கடைசியாகப் பெரிய பரிசோதனை நடந்த தேதி பொடி எழுத்தில் இருக்கும். நல்ல நிறுவனங்கள் அதை மாடலிலும் அச்சிடுகின்றன. அந்தத் தேதிக்கு முன்னால் அந்த வண்டி அந்தக் கோலத்தில் இல்லை. அடுத்த பரிசோதனை வந்தால் வேறு தேதி எழுதிவிடுவார்கள். அதாவது சில வருடங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒரு முத்திரை. இதைப் பார்க்காமல் அட்டைப்பெட்டியின் ரோமன் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள், மூன்றாம் காலகட்டம் என்பது இருபது வருடத்துக்கு மேல் நீளமானது, அதன் ஆரம்பமும் முடிவும் இரண்டு வேறு உலகம்.

தண்டவாளத்துக்கு வெளியேயும் தேதி இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நிறுத்துவீர்கள் அல்லவா, அதன் பின் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் கம்பி ஓடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953 வரை கட்டியது, ஒரே முட்டை வடிவம் என்றால் 1953 முதல் 1957 வரை, அதைவிடப் பெரிதாக இருந்தால் அதற்குப் பிறகு. கூரையில் டிவி ஆன்டெனா வேண்டுமா வேண்டாமா, ஸ்லீப்பர் கட்டை மரமா கான்கிரீட்டா, பாதையோரம் தந்திக் கம்பங்கள் நிற்கின்றனவா என்று இப்படியே போகும்.

விதிவிலக்குகள் ரசமானவை. 1835இல் ஓடிய ஆட்லர் இன்ஜினை அதிவேக ஐசிஇ ரயிலுக்குப் பக்கத்தில் வைக்கலாமா? வைக்கலாம். 1935 நூற்றாண்டு விழாவுக்கு அதன் நகல் ஒன்றை ஓடும் நிலையில் கட்டினார்கள். 2005 அக்டோபரில் நியூரம்பெர்க்கில் நடந்த தீவிபத்தில் அது கருகி, 2007இல் மறுபடியும் சரியாகி ஓடியது. நீங்கள் வைத்திருப்பது அந்த நகல் என்றால் ஆறாம் காலகட்டத்தில் அது நிற்பது முழுக்க நியாயம், சுற்றிலும் கேமராவோடு கூட்டம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியை நான் விற்கவில்லை. அதற்காகத் தனியாக அரை மீட்டர் நீளத்தில் ஒரு சின்னக் காட்சி செய்துகொண்டிருக்கிறேன்: 1956 மே மாதக் கடைசி, பணிமனையின் பின்புறம், அருகருகே இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஏற்கெனவே 2 வந்துவிட்டது. இன்னொன்றில் இன்னும் 3தான்; அதன் கதவு பக்கம் ஏணி சாத்தி, கையில் தூரிகையோடு ஒரு பெயிண்டர் ஏறிக்கொண்டிருக்கிறார்.