எஃப்.ஐ.ஆர் போட்டதுமே நிவாரணம் தொடங்கிவிடும்

"கேஸ் ஜெயிச்சாத்தான் பணம் வருமாம்" என்று பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. இதை நம்பியே பலர் பாதியில் சமாதானமாகிவிடுகிறார்கள்.

நாலு பேர் பார்க்கும் இடத்தில் சாதியைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தினால், 2016ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி நிவாரணம் 1 லட்சம் ரூபாய். இதில் 25 சதவீதம் எஃப்.ஐ.ஆர் பதிவானதும், 50 சதவீதம் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் தர வேண்டும், கடைசி 25 மட்டும்தான் தண்டனை கிடைத்த பிறகு. கொலை என்றால் 8.25 லட்சம், பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை தாக்கலானதும். அது போக அந்தக் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம், அதற்கு அகவிலைப்படி, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை படிப்புச் செலவு எல்லாம் உண்டு.

அடி, கொலை மட்டும்தான் வன்கொடுமை என்றில்லை. தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே, பைக்கில் போகாதே, கல்யாண ஊர்வலம் விடாதே, பொதுச் சுடுகாட்டுக்கு வராதே என்று தடுப்பதும் குற்றம்தான்.

சரி, எங்கே சிக்கல் வருகிறது? ஸ்டேஷனில். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர் ரசீதை, அதாவது மனு வாங்கியதற்கான சீட்டை, கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எஃப்.ஐ.ஆர் இல்லை, அதைக் காட்டி நிவாரணம் வாங்க முடியாது. முதலில் விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர் போடுவோம் என்றால், இந்தச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு அப்படி ஒரு முன்விசாரணையே தேவையில்லை என்கிறது. எஃப்.ஐ.ஆரில் இந்தச் சட்டத்தின் பிரிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், வெறும் அடிதடிப் பிரிவோடு விட்டுவிட்டால் நிவாரணமும் போய்விடும். நகலையும் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் கோர்ட். விசாரிப்பவர் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாகவும், செய்தவர் இரண்டிலும் சேராதவராகவும் இருந்தால்தான் சட்டம் பொருந்தும். கிறிஸ்தவராக மாறிய தலித்துகளுக்கு பட்டியல் சாதிகள் எவை என்று சொல்லும் 1950 ஆணையின்படி அந்த அந்தஸ்தே கிடையாது, அதனால் இந்தச் சட்டமும் பொருந்தாது. சீக்கியர்களை 1956லும் பௌத்தர்களை 1990லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. சர்ச்சுக்குப் போனாலும் ஊர் அவர்களை அதே சேரி ஆளாகத்தான் நடத்துகிறது, எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

அப்புறம் ஒன்று: விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் போய்வர பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி, தினப்படி உண்டு. கூலி போகிறதே என்று சாட்சி வரத் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். உதவிக்கு 14566 என்ற தேசிய எண்ணுக்கு அழைக்கலாம்.